அம்பாசடர் மார்க் 2, 1489 சி.சி. என்ஜினுக்கு டியூன் செய்யக்கூடிய இன்ஜெக்‌ஷன்: எந்த வழி பொருந்தும்?

கானாடுகாத்தான் மார்க் 2:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சி வாங்கி ஓட்டிய அம்பாசடர் மார்க் 2 இன்றும் வீட்டில் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், ஒற்றை சோலெக்ஸ் கார்ப்பரேட்டர், பாயிண்டும் கண்டென்சரும் உள்ள பழைய டிஸ்ட்ரிபியூட்டர். என்ஜினை முழுவதுமாக இறக்கி, சிலிண்டர் போர் செய்து, பிஸ்டனும் பேரிங்கும் மாற்றி, ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான வால்வு சீட்டுகளும் போட்டாகிவிட்டது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது, எண்ணெய்ப் புகையும் இல்லை. ஆகவே தேய்ந்துபோன என்ஜினுக்குப் புதுச் சட்டை போடுவதற்காக இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொல்லைகள் இரண்டு. முதலாவது வெயில் காலத்தில் வருவது. சித்திரை, வைகாசியில் வெளியூரிலிருந்து உறவினர்கள் வரும்போது அவர்களை ஏற்றிக்கொண்டு இளையாத்தங்குடி தொடங்கிப் பிள்ளையார்பட்டி வரை நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் சுற்றி வருவது எங்கள் வீட்டு வழக்கம். ஓடும்போது வண்டி குறை வைப்பதில்லை. ஒரு கோயிலில் நிறுத்தி அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால்தான் சிக்கல். பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. செல்ஃப் நெடுநேரம் சுற்றிய பிறகே என்ஜின் பிடிக்கிறது. பிடித்த பிறகும் முதல் இரண்டு கிலோமீட்டர் மிஸ்ஸிங் அடித்துக்கொண்டே போகிறது. வயதானவர்களை வெயிலில் உட்கார வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்துக்கொண்டிருப்பது மனத்துக்குச் சங்கடமாக இருக்கிறது.

இரண்டாவது தொல்லை, பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் மட்டுமே கிடைக்கத் தொடங்கிய பிறகு வந்தது. மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்துப் போகும்போது வண்டி சுணங்குகிறது, சற்று இழுத்து இழுத்துப் போகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் பகுதி வெளுத்துக் கிடக்கிறது.

ஒரு பட்டறையில் என்ஜினையே எடுத்துவிட்டு ஜப்பானிய என்ஜின் ஒன்றை வைக்கச் சொன்னார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த என்ஜின் இந்த வண்டியிலேயே இருக்க வேண்டும். எரிபொருள் கொடுக்கும் முறையை மட்டும் மாற்ற விரும்புகிறேன். மடிக்கணினியை இணைத்து நாமே எரிபொருள் அளவைத் திருத்திக்கொள்ளக்கூடிய ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வேண்டும். கார்ப்பரேட்டர் இருந்த இடத்திலேயே த்ராட்டில் பாடியை (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு உள்ள வாயை) வைத்து அதன் வழியாகப் பெட்ரோலைத் தெளிப்பதா, அல்லது ஒவ்வொரு போர்ட்டுக்கும் (ஹெட்டில் காற்று நுழையும் வாய்க்கும்) இன்ஜெக்டர் வைப்பதா? பம்ப், வயரிங், டைனமோ ஆகியவற்றில் என்னென்ன மாற்ற வேண்டியிருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தேவகோட்டை பழைய வண்டி:

தம்பிக்கு வணக்கம். கார்ப்பரேட்டரோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், அதை எடுத்து வைப்பதற்கு முன் அதன் பக்கத்து நியாயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் சூட்டுத் தொல்லைக்குக் காரணம் இந்த என்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்லெட், எக்ஸாஸ்ட் ஆகிய இரண்டு மேனிஃபோல்டுகளும் என்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எக்ஸாஸ்டுக்கு மேலேயே கார்ப்பரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடும்போது காற்றும், உள்ளே வந்துகொண்டே இருக்கும் புதுப் பெட்ரோலும் அதைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. கீழே பழுத்துக் கிடக்கும் இரும்பின் சூடு மேலேறி ஃப்ளோட் அறையில் உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. கொதித்த பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் வழிவதால்தான் அந்த வாடையும், நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டிய நிலையும். எனவே சூடாக நிற்கும் வண்டியை எடுக்கும்போது சோக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாமல் முழுவதும் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள்; தேங்கிய பெட்ரோல் காற்றோடு வெளியேறி என்ஜின் பிடித்துக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அடியில் தடித்த பேக்லைட் கட்டை ஒன்றும், அதற்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகடும் வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

இ20 விஷயமும் கணக்குக்குள் அடங்குவதுதான். சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இரண்டும் சேர்ந்த இ20-க்கு ஏறத்தாழ 13.5 பங்கு. கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பழைய ஜெட் பழைய அளவே பெட்ரோலை விடுவதால் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்துவிடுகிறது. பிளக் வெளுப்பதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டின் மேல் உள்ள எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. 120 எண் ஜெட்டுக்குப் பதிலாக 125 எண் ஜெட் போட்டால் துளையின் பரப்பு 8.5 சதவீதம் கூடும். நமக்கு வேண்டிய அளவும் ஏறத்தாழ அதுதான். உங்கள் கார்ப்பரேட்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே விகிதத்தில் ஏற்றுங்கள். ஃப்ளோட் ஊசி, பம்ப் டயஃப்ரம், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். இது எந்த வழிக்குப் போனாலும் செய்ய வேண்டிய வேலை.

இவ்வளவும் செய்த பிறகும் இன்ஜெக்‌ஷன்தான் வேண்டும் என்று தோன்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கழற்றிய கார்ப்பரேட்டரையும் மேனிஃபோல்டையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள சோலெக்ஸ் இனிக் கிடைப்பது அரிது.

காரைக்குடி லேத்:

பெரியவர் சொன்ன ஜெட் கணக்கு சரியானது. ஒரே வேகத்தில் ஒரே வகைப் பெட்ரோலோடு ஓடும் வண்டிக்கு அதுவே போதும். நின்று நின்று போகும் வண்டிக்கு, அதிலும் நம் ஊர் வெயிலில், கொதிக்கும் ஃப்ளோட் அறையே இல்லாத அமைப்புத்தான் நிலையான தீர்வு என்பது என் எண்ணம். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் 3 பார் அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் அது எளிதில் ஆவியாவதில்லை. ஆவியானாலும், சாவியைத் திருப்பியதும் பம்ப் அதை ரிட்டர்ன் குழாய் வழியாக டாங்கிக்குத் தள்ளிவிட்டுப் புதுப் பெட்ரோலைக் கொண்டுவருகிறது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த என்ஜினின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்திருப்பீர்கள். அதில் இன்லெட் போர்ட் நான்கு இல்லை, இரண்டுதான் உண்டு. 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரு வாய்; 3, 4 சிலிண்டர்களுக்கு ஒரு வாய். சயாமீஸ் போர்ட் என்பது இதைத்தான். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. இதைக் கலவையை இழுக்கும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: 3 இழுத்ததும் உடனே 4, பிறகு 2 இழுத்ததும் உடனே 1. அதாவது ஒவ்வொரு வாயிலும் இரண்டு இழுப்புகள் அடுத்தடுத்து நடக்கின்றன; அதன் பிறகு ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றுக்கு அந்த வாய் சும்மா இருக்கிறது. சாதாரண எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள) வண்டியைப் போல இன்ஜெக்டரை அந்த வாயில் வைத்து, நேரம் பார்க்காமல் தெளித்தால், சும்மா இருக்கும் நேரத்தில் விழுந்து தேங்கிய பெட்ரோல் முழுவதையும் முதலில் இழுக்கும் உள் சிலிண்டரே கொண்டுபோய்விடும். 2, 3 ரிச்சாகவும் (பெட்ரோல் மிகுந்தும்) 1, 4 லீனாகவும் (பெட்ரோல் குறைந்தும்) ஓடும். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் நான்கின் சராசரியைத்தான் காட்டும் என்பதால் திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். உள்ளே ஓரத்து சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் வெந்துகொண்டிருக்கும்.

இதைச் சமாளிக்க வழி உண்டு. கேம் நிலையை அறியும் சென்சார் வைத்து, ஒரே வாயில் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை, ஒவ்வொரு சிலிண்டரின் இழுப்புக்கும் தனித்தனியாகத் தெளிக்க வேண்டும். மெகாஸ்கர்ட் 2 என்ற ஈசியூவுக்கு இதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் வடிவம் இருக்கிறது. இதே வகை ஹெட் கொண்ட ஏ வரிசை என்ஜினுக்கு ரோவர் நிறுவனமே மினி காரில் 1996 இறுதியிலிருந்து 2000 வரை இரண்டு இன்ஜெக்டர் வைத்துக் கொடுத்தது. ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். 4500 ஆர்.பி.எம்.மில் அரைச் சுற்றுக்கு 6.7 மில்லிசெகண்டுதான் கிடைக்கிறது. அதற்குள் ஒரு சிலிண்டருக்கு வேண்டியதை எல்லாம் தெளித்து முடிக்க நிமிடத்துக்கு 350, 400 சி.சி. விடும் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். அதே இன்ஜெக்டர் ஐடிலில் இரண்டு மில்லிசெகண்டு அளவுக்கே திறந்து மூட வேண்டியிருப்பதால் அங்கே அளவு துல்லியமாக நிற்பது கடினம். முதல் முறை இந்த வேலையில் இறங்குபவருக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

அதே மினியில் 1991-இலிருந்து இருந்தது கார்ப்பரேட்டர் இடத்தில் ஒற்றை இன்ஜெக்டர் கொண்ட த்ராட்டில் பாடி. உங்களுக்கு நான் சொல்வது அந்த வழிதான். பெட்ரோல் கார்ப்பரேட்டரில் விழும் அதே இடத்தில் விழுந்து, மேனிஃபோல்டின் முழு நீளமும் காற்றோடு கலந்து போவதால் சிலிண்டர்களுக்குள் பங்கீடு கார்ப்பரேட்டரில் இருந்ததைவிட மோசமாகாது. மேனிஃபோல்டின் அடியில் எக்ஸாஸ்ட் சூடு படும் இடம், கார்ப்பரேட்டருக்குக் கெடுதல் செய்தாலும், இங்கே பெட்ரோலை ஆவியாக்கி நன்மை செய்கிறது, அதை அடைத்துவிடாதீர்கள்.

செய்முறை இப்படி. கார்ப்பரேட்டர் உட்காரும் ஃப்ளேஞ்சுக்கு மேல் 40 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் அலுமினியக் கட்டையை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். அதன் பக்கவாட்டில் சாய்வாக இரண்டு துளை போட்டு இரண்டு இன்ஜெக்டர்களைச் செருகலாம். ஒன்றின் தெளிப்பு 1, 2 பக்கக் கிளையையும் மற்றொன்றின் தெளிப்பு 3, 4 பக்கக் கிளையையும் பார்த்திருக்க வேண்டும். கட்டைக்கு மேல் த்ராட்டில் பாடி. 1 லிட்டர் முதல் 1.3 லிட்டர் வரையிலான பழைய மாருதி எம்.பி.எஃப்.ஐ. வண்டியிலிருந்து எடுத்தது போதும். அதில் த்ராட்டில் பொசிஷன் சென்சாரும் கூடவே வந்துவிடும். வாய் அதற்கு மேல் அகலமாக இருந்தால், பெடலைத் தொட்டதும் வண்டி துள்ளும்; நெரிசலில் ஓட்ட முடியாது. கம்பி இணைப்பில் ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு இருக்கட்டும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று த்ராட்டிலை மூட வேண்டும்.

இன்ஜெக்டர் அளவு: ஏறத்தாழ 50 குதிரைத்திறன் கொண்ட என்ஜின். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 227 கிராம் என்று வைத்தால் முழுச் சுமையில் நிமிடத்துக்கு 255 சி.சி. பெட்ரோல். எத்தனாலுக்காகக் கொஞ்சம் கூட்டி, இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற வரம்பையும் வைத்தால் மொத்தம் 340 சி.சி. வரும். ஆக, 170 முதல் 200 சி.சி. வரையுள்ள இரண்டு இன்ஜெக்டர்கள் சரியாக இருக்கும். அவை த்ராட்டிலுக்குக் கீழே இருப்பதால், அழுத்த ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயை மேனிஃபோல்டில் இணைக்க வேண்டும். அப்போதுதான் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு எப்போதும் 3 பாராக நிற்கும்.

கானாடுகாத்தான் மார்க் 2:

இருவருக்கும் மிக்க நன்றி. பெரியவர் சொன்னபடி ஜெட் எண்ணையும் ரப்பர் பாகங்களையும் இந்த வாரமே பார்த்துவிடுகிறேன். 1, 4 சிலிண்டர்கள் லீனாகப் போகும் விவரம் எனக்குத் தெரியாதது. போர்ட் இன்ஜெக்‌ஷன் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். த்ராட்டில் பாடி வழியே செல்கிறேன். வண்டியில் டைனமோதான் இருக்கிறது. பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஓடும் டயஃப்ரம் வகை. பெட்ரோல் டாங்கியில் ரிட்டர்ன் குழாய்க்கு வெல்டிங் வைக்கலாமா என்பதையும் யாராவது தெளிவுபடுத்துங்கள்.

புதுவயல் ஆட்டோ எலக்ட்ரிக்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. பெட்ரோல் இருந்த டாங்கியில், காலியாகிவிட்டது என்று நினைத்துக்கூட, வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். பெட்ரோல் அளவு காட்டும் சென்டர் (sender) யூனிட்டின் மூடித் தகட்டைத் தனியாகக் கழற்றி எடுத்து, அந்தத் தகட்டில் ஒரு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதையே ரிட்டர்ன் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். டாங்கியைத் தொடவே தேவையில்லை. குழாயின் உள்முனை டாங்கியின் அடிவரை இறங்கினால் திரும்பி வரும் பெட்ரோல் நுரைக்காமல் இருக்கும்.

டயஃப்ரம் பம்ப் கால் பார் அளவுக்குத்தான் அழுத்தம் கொடுக்கும். அதைக் கழற்றி, அந்த வாயைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடிவிடுங்கள். 3 பார் கொடுக்கும் மின் பம்பை டாங்கிக்கு அருகில், இயன்றவரை தாழ்வாகப் பொருத்துங்கள். இந்த வகைப் பம்ப் பெட்ரோலைத் தள்ளுவதில் வல்லது. உறிஞ்சி எடுப்பதில் வலுவற்றது. டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது திருப்பங்களில் காற்றை உறிஞ்சாதபடி, அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கொள்ளும் சிறு இடைக் கலம் ஒன்று வைப்பது நல்லது. ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கார்ப்பரேட்டர் வண்டிக்கு விற்கும் சாதாரண ரப்பர் ஹோஸ் 3 பாரைத் தாங்காது, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்‌ஷன் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். கிளிப்பும் ஹோஸை வெட்டும் பல் வைத்த வகையாக இல்லாமல், சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும் வகையாக இருக்கட்டும். உங்கள் என்ஜினில் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே இந்தக் குழாய் போகப்போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பம்ப்புக்கு மின்சாரம் ஈசியூ கட்டுப்படுத்தும் ரிலே வழியாக மட்டுமே போக வேண்டும். சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்கும். என்ஜின் சுற்றுவது தெரிந்தால்தான் மறுபடி ஓடும். விபத்தில் என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச் ஒன்றையும் அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள். சாவியிலிருந்து நேராகப் பம்புக்கு வயர் இழுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

இனி டைனமோ. அந்தக் காலத்து லூகாஸ் சி40 வகை நன்றாக ஓடும்போது 22 ஆம்பியர் கொடுக்கும். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. பம்ப், இன்ஜெக்டர், ஈசியூ, ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து இடைவிடாமல் 10 முதல் 12 ஆம்பியர் கேட்கும். இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால் பேட்டரி இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகிக் கலவையே மாறிவிடும். ஆகவே ஆல்டர்னேட்டர் கட்டாயம். சிறிய கார் ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பிராக்கெட் செய்து அதே இடத்தில் வைக்கலாம். புல்லி மட்டும் உங்கள் பழைய அகல பெல்ட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கால வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அப்படியே ஆல்டர்னேட்டரையோ ஈசியூவையோ இணைத்தால் அந்த நொடியே எரிந்துபோகும். முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக் வயர்களையும் ரெசிஸ்டன்ஸ் உள்ள வகைக்கு மாற்றுங்கள். வெறும் செப்புக் கம்பி வயரிலிருந்து எழும் இரைச்சல் ஈசியூவின் சென்சார் கணக்கைக் குழப்பும்.

பள்ளத்தூர் டியூனிங்:

வன்பொருள் பற்றி நண்பர்கள் விரிவாகவே சொல்லிவிட்டார்கள். ஈசியூ தேர்வு, டியூனிங் ஆகியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெரிய வி8 என்ஜின்களுக்காக அமெரிக்காவில் விற்கும் தானே கற்றுக்கொள்ளும் த்ராட்டில் பாடி கிட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். 50 குதிரைத்திறனுக்கு அவற்றின் இன்ஜெக்டர்கள் மிகப் பெரியவை. மைக்ரோஸ்கர்ட், ஸ்பீடுயினோ ஆகிய ஈசியூக்கள் இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும். ஸ்பீடுயினோ ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடும் திறந்த மூல அமைப்பு. செலவு குறைவு, பலகையில் ஒரு பாகம் கெட்டாலும் நாமே மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருளில் திருத்தலாம். மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் ஆர்.பி.எம்.மையும் காற்றின் வெப்பத்தையும் வைத்து எரிபொருளைக் கணக்கிடும் ஸ்பீடு டென்சிட்டி முறையில் வையுங்கள். கொடைக்கானலுக்கு ஏறும்போது காற்றழுத்தம் நம் ஊரில் உள்ள 100 கிலோபாஸ்கலிலிருந்து 80-க்கும் கீழே இறங்கும். அங்கே கார்ப்பரேட்டர் ரிச்சாகித் திணறும். இந்த அமைப்பு தானாகவே குறைத்துக்கொள்ளும்.

சுழற்சி சிக்னலுக்குக் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து வயர் எடுக்க வேண்டாம். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் அளவுக்கு அலை எழும். பாயிண்ட் துள்ளும்போது பொய்த் துடிப்புகளும் வரும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் பதிலாக ஹால் (காந்தப்புலத்தை உணரும்) சென்சார் மாட்யூல் வையுங்கள். இதைத் தனி வேலையாக முதலில் செய்து, கார்ப்பரேட்டரோடே சில நாள் ஓட்டிப் பார்த்து இக்னிஷன் சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகு இன்ஜெக்‌ஷனுக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பின்னாளில் இக்னிஷன் டைமிங்கையும் ஈசியூவிடம் ஒப்படைக்க விரும்பினால் கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்றை நீக்கிய 36-1 பல் சக்கரம் வைக்கலாம்.

கலவையின் அளவை விரிந்த எல்லைக்குள் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் டியூனிங்கில் இறங்காதீர்கள். பாஷ் எல்.எஸ்.யு. 4.9 வகை போதும். எக்ஸாஸ்டின் எல்லாக் கிளைகளும் சேர்ந்த பிறகு, குழாயின் மேல்பக்கத்தில் சற்றுச் சாய்வாக வையுங்கள். அடியில் வைத்தால் நீர் தேங்கி சென்சார் உடையும். அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வந்து பொய்யாக லீன் காட்டும். திரையில் ஏ.எஃப்.ஆர். (காற்று-எரிபொருள் விகித) எண்ணைப் பார்க்காமல், அந்த எரிபொருளுக்கு வேண்டிய காற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் லாம்டா எண்ணைப் பாருங்கள். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருந்தாலும் லாம்டா 1 என்றால் சரியான கலவைதான். ஐடிலில் 0.95, சமதளத்தில் சீராகப் போகும்போது 1.0, முழு த்ராட்டிலில் 0.87 என்ற இலக்கில் தொடங்குங்கள்.

முதல் முறை என்ஜின் பிடித்துவிட்டால், சூடேறும் வரை பொறுத்திருந்து ஐடிலைச் சரி செய்யுங்கள். அதன் பிறகு அதிகாலையில் திருச்சி சாலையில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், ஒருவர் ஓட்ட இன்னொருவர் மடிக்கணினியைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. ஒரே கியரில் ஒரே வேகத்தைச் சில விநாடிகள் பிடித்து, ஈசியூவின் எரிபொருள் அட்டவணையில் (ஆர்.பி.எம்., அழுத்தம் வாரியாக அளவு எழுதிய கட்டங்களில்) எந்தக் கட்டத்தில் நிற்கிறோமோ அதை இலக்குக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். தானியங்கி டியூனிங்கை நம்பி முழு அட்டவணையையும் ஒப்படைத்துவிடாதீர்கள். பெடலை மிதிக்கும் நொடியில் எழும் தற்காலிக ஏற்ற இறக்கங்களையும் அது நிலையான அளவாக எடுத்துக்கொள்ளும். பெடலை மிதிக்கும்போது கூடுதலாகத் தெளிக்கும் அளவை, அட்டவணை முழுவதும் சரியான பிறகே தொடுங்கள். த்ராட்டில் பாடி அமைப்பில் மேனிஃபோல்டின் சுவரில் பெட்ரோல் ஒட்டிக்கொள்வதால் அந்தக் கூடுதல், சாதாரண எம்.பி.எஃப்.ஐ. வண்டியைவிட அதிகமாகவே தேவைப்படும்.

இனி உங்கள் கோயில் பயணத்துக்கு நேரடியாகச் சம்பந்தமான ஒன்று. இன்ஜெக்‌ஷன் வைத்தும் சூட்டு ஸ்டார்ட்டில் திணறும் வண்டிகள் உண்டு. அதற்குக் காரணம் பெட்ரோல் அன்று, காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார். அதை மேனிஃபோல்டிலோ த்ராட்டில் பாடியிலோ பொருத்தினால், வண்டி நிற்கும்போது இரும்பின் சூட்டை உறிஞ்சி 70, 80 டிகிரி காட்டும். உள்ளே வரும் காற்று உண்மையில் 45 டிகிரியாக இருக்கும். காற்று மெலிந்திருக்கிறது என்று ஈசியூ தவறாக நினைத்து, 10 சதவீதம் வரை பெட்ரோலைக் குறைத்துவிடும். வண்டி பிடித்த உடனே அணையும். சென்சாரை ஏர் கிளீனரின் வாய்ப் பக்கம், எக்ஸாஸ்ட் சூடு படாத இடத்தில் வையுங்கள். அதோடு மென்பொருளில், கூலன்ட் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடத்துக்குச் சிறிதளவு கூடுதல் பெட்ரோல் கொடுக்கும்படியும் அமைத்துவிடுங்கள். இதைச் சோதிக்க மே மாதப் பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வண்டியை நன்றாக ஓட்டி, வெயிலில் பானட்டை மூடி நிறுத்தி, கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று இடைவெளி விட்டு எடுத்துப் பாருங்கள். வெவ்வேறு இடைவெளிகளில் நடத்தை வெவ்வேறாக இருக்கும்.

தேவகோட்டை பழைய வண்டி:

பதிவுச் சான்று பற்றி ஒரு வார்த்தை. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் வகையாகப் பதிவு செய்யும் மத்திய விதி 2021-இல் வந்தது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. அவ்வகையில் பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் அனுமதி இல்லை. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். தம்பி வண்டியை ஓட்டவே விரும்புகிறார் என்பதால் சாதாரணப் பதிவைத் தொடர்ந்து புதுப்பிப்பதே பொருந்தும். ஆனாலும் வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டிலும் ஹெட்டிலும் புதுத் துளை எதுவும் போடாமல், ஒரு நாள் வேலையில் கார்ப்பரேட்டருக்குத் திரும்பக்கூடிய வகையில் எல்லாவற்றையும் செய்தால் பின்னாளில் எந்த வழியும் அடைபடாது.

காரைக்குடி லேத்:

பெரியவர் சொன்னது சரியே. மேனிஃபோல்ட் அழுத்த சென்சாருக்கும் ரெகுலேட்டருக்கும் வேண்டிய வேக்குவம் துளைகளை அந்த அலுமினியக் கட்டையிலேயே போட்டுவிடலாம். பழைய பாகம் எதையும் துளைக்க வேண்டியதில்லை.

கட்டையைக் கடையும் முன் இன்னொன்றையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸுக்குப் (வேக்குவத்தைக் கொண்டு ஸ்பார்க்கை முன்கூட்டியே விடும் பாகத்துக்குப்) போகும் மெல்லிய குழாய் இப்போது கார்ப்பரேட்டரில், த்ராட்டில் தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே உள்ள துளையிலிருந்து வருகிறது. ஐடிலில் அங்கே வேக்குவம் இல்லை, தகடு சற்றுத் திறந்ததும் வருகிறது. மாருதி த்ராட்டில் பாடி எல்லாவற்றிலும் அத்தகைய துளை இருக்காது. இல்லாததை வாங்கிவிட்டு அந்தக் குழாயைக் கட்டையில் இணைத்தால் ஐடிலிலேயே அட்வான்ஸ் ஏறி, ஐடில் வேகம் கூடிவிடும். குழாயை அடைத்துவிட்டால் சாலையில் மைலேஜ் குறையும். எனவே த்ராட்டில் பாடி வாங்கும்போது, தகட்டை மூடி வைத்துக்கொண்டு, விளிம்பை ஒட்டிய மேல்பக்கத்தில் துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். மேனிஃபோல்ட் ஃப்ளேஞ்சின் போல்ட் மையங்களையும் உள்வாய் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து இங்கே எழுதினால், கட்டைக்கான வரைபடத்தை நான் போட்டுத் தருகிறேன்.